காக்ஸ் டவுன் கல்யாணத்தில் ஒரு பருந்து

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் செல்போன் இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்து அடிக்கும்.

"சார், ஸ்கூட்டர்ல பாம்பு பூந்துடுச்சு."

"சரி. நீங்க ஸ்கூட்டர் மேல இருக்கீங்களா, கீழ இருக்கீங்களா?"

"தள்ளி நிக்கறேன் சார்."

"அப்ப ரெண்டு பேரும் சேஃப். ஆபீஸ் நம்பர் தர்றேன், அவங்க வர்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க. தண்ணி ஊத்தறது, குச்சி விடறது எதுவும் வேணாம்."

"பென்ஷன் வாங்கற ஆளு எதுக்கு டூட்டி பாக்கறீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். என் மனைவிதான். போன் வராத நாளில் நான் வீட்டில் படுத்தும் பாட்டைப் பார்த்துவிட்டு, போன் வருவதே மேல் என்று அவளே சொன்னதும் உண்டு.

இப்போது இந்த மாதிரிப் புகார்களுக்கு ஆப் வந்துவிட்டது. குரங்கையோ பாம்பையோ படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஒரு பட்டனை அமுக்கினால் போதும். சாயங்காலத்துக்குள் 'அகற்றப்பட்டது' என்று பதில் வராவிட்டால் ஆபீசை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறார்களாம். என் பழைய ஆபீஸ்காரர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பினார்கள். "ஜனங்க படிக்கற மாதிரி உங்க அனுபவத்துல ஒண்ணு எழுதித் தாங்க சார். சிறுத்தை மாதிரி ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்" என்று கேட்டார்கள்.

சிறுத்தைக் கதை என்னிடம் இருக்கிறது. ஆனால் சிறுத்தை விவகாரத்தில் பெரும்பாலும் கூட்டத்தை விரட்டுவதுதான் வேலை. சிறுத்தை பாவம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு நெஞ்சில் நிற்பது ஒரு பருந்துதான்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா மாநில அரசு வேலை பார்த்தார். அந்தக் கணக்கில் எனக்கும் அரசு வேலைதான் என்று நான் பிறந்த அன்றே வீட்டில் முடிவு செய்திருக்க வேண்டும். வனத்துறையில் இடம் கிடைத்தது. பயிற்சியில் மரங்களின் பெயர், கயிற்று முடிச்சு, சட்டத்தின் பிரிவுகள், காட்டில் வழி தவறினால் என்ன செய்வது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வழி தவறுவதற்கு எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் வெளியூரில் வைத்துவிட்டு பெங்களூருக்கே அனுப்பிவிட்டார்கள். காட்டிலாகா உத்தியோகம், தினமும் சிக்னலில் நின்று நின்று போனேன்.

அங்கே என் ரேஞ்சர் சாவித்திரம்மா. கோலார் பக்கத்துக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். கேட்பவருக்கு எந்த மொழி தெரியுமோ அது மட்டும் காதில் விழும். எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாதோ என்று பல தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஜீப் போய் நின்றதும் ஜனங்கள் மரத்தையோ கூரையையோ கைகாட்டி, "அதோ மேடம், அதோ" என்று கத்துவார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். "ஒரு சேர் கொடுங்க" என்பார். உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பாட்டிலிலிருந்து மோரைக் குடித்துவிட்டு, கூட்டத்தில் யார் அதிகமாகக் கோபப்படுகிறார்களோ அவரைக் கூப்பிடுவார். "நீங்க சொல்லுங்க. காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க." அந்த ஆள் பல் தேய்த்ததிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். எனக்குத் தலை வெடிக்கும்.

"சம்பத்து, பிராணிக்குப் பேச வராது. ஏன் வந்துச்சுன்னு இவங்கதான் சொல்லணும். இவங்களுக்கே தெரியாம சொல்லிடுவாங்க" என்பார் என்னிடம்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அடிக்கடி சாரைப்பாம்பு. போவோம், பிடிப்போம், கொண்டுபோய் விடுவோம், மறுபடி போன் வரும். சாவித்திரம்மா அங்கிருந்த சூப்பர்வைசரைப் பேசவிட்டுக் கேட்டார். அந்த ஆள் பாம்பைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, கேன்டீன் சோறு வாயில் வைக்க விளங்கவில்லை, பாதிப் பேர் அப்படியே கொட்டிவிடுகிறார்கள் என்று ஒரு பாட்டம் அழுதார். கொட்டுகிற இடத்தைப் போய்ப் பார்த்தால் ஊரில் இருக்கிற எலியெல்லாம் அங்கேதான். தொட்டிக்கு மூடி போட வைத்தோம், சமையல்காரரையும் மாற்றினார்கள். பாம்பு வரவில்லை. தொழிலாளிகள் எங்களுக்குக் கைகொடுத்தது சோறு நன்றாக ஆனதற்குத்தான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இனி பருந்து விஷயத்துக்கு வருகிறேன். காக்ஸ் டவுனில் ஒரு மாதா கோயில். வாசல் கேட்டிலிருந்து கோயில் கதவு வரைக்கும் நீளமான பாதை. பாதை மேல் குடை பிடித்த மாதிரி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்து உச்சியில் பருந்துக் கூடு. பருந்து ஒருவர் மண்டையைக் கொத்தித் தையல் போடும்படி ஆகிவிட்டது, கூட்டை உடனே எடுக்க வேண்டும் என்று கையெழுத்துகளோடு மனு வந்தது.

தையல் போட்டுக்கொண்டவர் பெயர் ஞானப்பிரகாசம். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர், பாடகற்குழுவில் கனத்த குரல்காரர். மனைவியை இழந்தவர், ஒரே மகள் ஸ்டெல்லா. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால், அதற்குள் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். கேட்டில் இறங்கி, பேண்டு முன்னால் போக, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் அந்த மரத்தடிப் பாதையில் நடந்து வருவதுதான் அங்கே வழக்கம்.

"அவ பொறந்தப்பவே நான் நினைச்சுக்கிட்டது மேடம் அது" என்றார் சாவித்திரம்மாவிடம். வழுக்கைத் தலையில் பிளாஸ்திரி. "வேற ஒண்ணும் நான் கேக்கல. கேட்டுல இருந்து கதவு வரைக்கும் என் பொண்ணு கையைப் பிடிச்சு நடக்கணும். அந்த சனியன் என்னைய நடக்க விடாது."

"கூட்டுல குஞ்சு இருக்கு சார். அது பறந்து போற வரைக்கும் கூட்டைத் தொடறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல. நான் நினைச்சாலும் முடியாது."

"எப்பப் பறக்கும்?"

"கல்யாணத்துக்கு அப்புறம்" என்றார் சாவித்திரம்மா.

ஞானப்பிரகாசம் தேர்தலில் ஓட்டு கேட்டு வருபவர்களைப் பற்றி, வரி கட்டுவதைப் பற்றி எல்லாம் பேசினார். சாவித்திரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னிடம், "இங்கயே சும்னே கூத்கோ" என்றார். சும்மா உட்கார்ந்திரு என்பதுதான் உத்தரவு. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

கோயில் தாழ்வாரத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்தேன். பூக்காரம்மா போனாள், பருந்து கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள், கண்டுகொள்ளவில்லை. ஃபாதர் குறுக்கும் நெடுக்குமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார், கண்டுகொள்ளவில்லை. ஞானப்பிரகாசம் கேட்டைத் திறந்ததுதான் தாமதம், பின்பக்கமாக வந்து ஒரு போடு. அவர் பேப்பரைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் மூச்சு வாங்கினார்.

"பாத்தீங்களா சார், இதான் தினம் நடக்குது."

மறுநாள் அவரை ஹெல்மெட் போட்டு, முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு வரச் சொன்னேன். ராஜா மாதிரி நடந்து வந்தார், பருந்து அசையவில்லை. படியேறும் இடத்தில் வெற்றிக் களிப்பில் ஹெல்மெட்டைக் கழற்றி மேலே பார்த்துச் சிரித்தார். அந்த நொடியே மண்டையில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியே சாவித்திரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மேடம், அதுக்கு எல்லார் மேலயும் கோபம் இல்ல. இவர் மூஞ்சி மேலதான் கோபம்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இவர் என்ன பண்ணார்?" என்றார்.

சாயங்காலம் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்தெரு. சிவப்பு ஓடு போட்ட பழைய வீடு, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், ஹாலில் ஒரு பக்கம் கல்யாணச் சாமான். ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் பெண், தைரியமான முகம். அன்றைக்கு மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தாள். சாவித்திரம்மா கல்யாணப் புடவை, பிரியாணி ஆர்டர், மாப்பிள்ளை உத்தியோகம் எல்லாம் விசாரித்தார்.

அப்போது மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிசாக, இழுத்து, விசில் மாதிரி. எனக்குக் காது விறைத்தது. இரண்டு நாளாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். நான் எழுந்தேன். சாவித்திரம்மா கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார். டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டு வாங்கி, கலக்கி, முழுசாகக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடம் கேட்டார்:

"ஏம்மா, மேலே யாரு அள்தாயிதாரே?"

மேலே யார் அழுகிறார்கள் என்று ஏதோ தொட்டில் பிள்ளையை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"டாடி, சொல்லிடுங்க டாடி."

ஞானப்பிரகாசம் பிளாஸ்திரியைத் தடவினார். அவள்தான் சொன்னாள். மரத்தடிப் பாதையில் எச்சமும் எலும்பும் விழுகிறது, கல்யாணத்தன்று வெள்ளை கவுன் என்னாவது என்று அப்பாவுக்குக் கவலை. ஒட்டடைக் கம்பை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, கோயில் மணிக்கூண்டு மாடியில் ஏறி நின்று கூட்டைக் குத்தியிருக்கிறார். கூடு அசையவில்லை, ஒரு குஞ்சு மட்டும் கிளை கிளையாகத் தட்டிக் கீழே விழுந்தது. அவள் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் அட்டைப்பெட்டியில் வைத்து, கோழிக்கறித் துண்டு கொடுத்து வளர்த்துவருகிறாள். எங்களிடம் சொன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூட்டைக் குத்திவிட்டு, அதே கூட்டை எடுக்கச் சொல்லி எங்களிடமே மனு. "சார், நீங்க பண்ணது என்ன தெரியுமா? கேஸ் போட்டா கல்யாணத்துக்கு நீங்க கோர்ட்டுல இருந்துதான் வரணும்" என்று கத்தினேன்.

"நான் சும்மா கூட்டைத் தள்ளத்தான் பாத்தேன். உள்ள புள்ளைங்க இருக்குன்னு நினைக்கவே இல்ல" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சம்பத்து, முதல்ல கொழந்தையைப் பாக்கலாம்" என்றார் சாவித்திரம்மா.

குஞ்சு நன்றாகவே இருந்தது. கண்ணை உருட்டி எங்களை முறைத்தது. நர்சம்மா கவனிப்பில் வயிறு புடைத்திருந்தது. கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சிறகு, கால், எலும்பு எல்லாம் பார்த்தோம். பழுது இல்லை. சாவித்திரம்மா கீழே வந்து நடந்ததை நடந்தபடி எழுதி ஞானப்பிரகாசத்திடம் கையெழுத்து வாங்கினார். "எழுதாம விட முடியாது சார். தப்பு தப்புதான். ஆனா குஞ்சை உங்க பொண்ணு உயிரோட வெச்சிருக்கா, அதையும் எழுதியிருக்கேன். பெரிய ஆபீசர் என்ன சொல்றாரோ அது." பிறகு சொன்னார், "இப்ப அதை அதோட அம்மாகிட்ட சேக்கணும்."

அடுத்த நாள் காலையில் தெருவிளக்கு மாற்றும் ஏணி வண்டியைக் கேட்டு வாங்கினோம். கேட்டைப் பூட்டி ஜனங்களை வெளியே நிறுத்தினோம். நான் ஹெல்மெட், தடித்த ஜெர்க்கின், தோல் கையுறை போட்டுக்கொண்டு, குஞ்சைத் துணிப்பையில் வைத்து மார்போடு கட்டிக்கொண்டு ஏறினேன். தாய்ப்பருந்து என் ஹெல்மெட்டில் தபேலா வாசித்தது. கூட்டை எட்டிப் பார்த்தால் எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு. ஐடி கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டி ஒன்று, குழந்தை சாக்ஸ் ஒன்று, யாரோ துவைத்துக் காயப்போட்ட ஜட்டி ஒன்று, எல்லாவற்றையும் சுள்ளியோடு பின்னி மெத்தை போட்டிருந்தது. அதன் மேல் ஒற்றையாக இன்னொரு குஞ்சு. பக்கத்தில் நம் குஞ்சை வைத்துவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். தாய் சேர்த்துக்கொள்ளாவிட்டால்? மனித வாடைக்காகப் பறவைகள் குஞ்சைத் தள்ளிவிடும் என்பது கட்டுக்கதைதான். ஆனால் அத்தனை நாள் இல்லாமல் போன குஞ்சு. நானும் சாவித்திரம்மாவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா பின்பக்கமாக வந்து தூணை ஒட்டி நின்றாள். ஞானப்பிரகாசம் கோயிலுக்குள்ளே, மரம் கண்ணில் படாத இடத்தில், பெஞ்சில்.

பருந்து இரையோடு வந்தது. இருந்த குஞ்சுக்கு ஊட்டியது. மறுபடி ஊட்டியது. நம் குஞ்சு வாயைப் பிளந்து கத்துகிறது. தாய் தலையைச் சாய்த்து அதையே பார்க்கிறது. பிறகு ஒரு துண்டைக் கிழித்து மெதுவாக அதன் வாயில் வைத்தது.

"ஊட்டா ஆயித்து" என்றார் சாவித்திரம்மா. சாப்பாடு ஆயிற்று. ஸ்டெல்லா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஏதோ செய்து சமாளித்தேன்.

குஞ்சு திரும்பியது, பருந்தின் கோபம் போகவில்லை. அன்று மத்தியானமே ஞானப்பிரகாசத்துக்கு இன்னொரு அடி. கூட்டைக் குத்திய விஷயம் மேலிடத்தின் கடுமையான எச்சரிக்கையோடு முடிந்தது, ஆனால் கல்யாணத்தன்று நடப்பது எப்படி?

"ஹெல்மெட்தான் ஒரே வழி" என்றேன்.

"கோட்டு சூட்டு போட்டு ஹெல்மெட்டா? ஆல்பத்தைப் பாத்துட்டு என் பேரப்புள்ளைங்க, தாத்தா பீட்சா டெலிவரிக்கு வந்தாரான்னு கேப்பாங்க சார்."

வழி சொன்னது ஸ்டெல்லாதான். கோயிலுக்குப் பக்கத்தில் விருந்து ஹால். பின்தெருவிலிருந்து அதன் சமையல்கட்டு வழியாகப் போனால் கோயில் பக்கக்கதவு வரும். மரத்தடிக்கே போக வேண்டாம். "டாடி, எனக்கு உங்க கைதான் வேணும். பாதை எதுவா இருந்தா என்ன" என்றாள்.

கல்யாணத்தன்று நானும் சாவித்திரம்மாவும் போயிருந்தோம். முன்னால் பேண்டு, நடுவில் அப்பாவும் பெண்ணும், இரண்டு பக்கமும் தம் போட்ட பிரியாணி அண்டாக்கள். "ஹட்டோ, ஹட்டோ, துல்ஹன் ஆரி" என்று, பொண்ணு வருது வழி விடுங்க என்று, பிரியாணி மாஸ்டர் பாய் கரண்டியாலேயே வழி ஒதுக்கினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது வெங்காயத்துக்கா கல்யாணத்துக்கா என்று யாருக்கும் தெரியாது. ஞானப்பிரகாசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கோயிலுக்குள் நுழையும்போது ஸ்டெல்லாவின் கவுனில் ஏலக்காய் வாசனை அடித்தது.

பூசை முடிந்து, விருந்து முடிந்து, பெண்ணை அனுப்பும் நேரம். பூ ஜோடித்த கார் முன் கேட்டில்தான் நின்றது. பின்தெரு அதற்குக் குறுகல். ஸ்டெல்லா அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டு மாப்பிள்ளையோடு மரத்தடிப் பாதையில் நடந்து போய்க் காரில் ஏறினாள். ஞானப்பிரகாசம் படியில் நின்று பார்த்தார். நான் குடையை விரித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வீட்டுக்கு வந்து, உக்காந்து, முறையாக் கேட்டு, என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறாங்க. அப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார். "அந்தப் பருந்துகிட்ட நான் கேக்கவே இல்லையே."

சொல்லிவிட்டு வெறுந்தலையோடு படியிறங்கினார். பருந்து வந்தது. ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் மறுபடி வந்தது. அவர் குனியவும் இல்லை, ஓடவும் இல்லை. கேட்டருகில் போய் நின்று, கார் தெரு முனையில் திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.